ஒரு கணனியில் பல கட்டமைப்புகள்: மென்பொருட் பொதி முகாமையின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்தச் செயலி தோன்றியது, அது முந்தியதிலும் எத்துணை விரைவாகக் கணித்தது என்பனவே அவ்வரலாற்றின் மைல்கற்களாகின்றன. ஆனால் புதிய இயந்திரம் ஒன்று வந்த மறுநாளே எழும் கேள்வி வேகம் பற்றியதன்று. பழைய இயந்திரத்துக்கு எழுதப்பட்டவை இனி எங்கே வாழும் என்பதே அக்கேள்வி. இயந்திரம் மாறிய ஒவ்வொரு வேளையிலும் அதற்கு விடை காணவேண்டியிருந்தது. விடை காணப்படாதவிடத்துப் பல்லாண்டு உழைப்பு பயனற்றுப் போயிற்று. ஒரே கணனியில் வெவ்வேறு செயலிக் கட்டமைப்புகளுக்குரிய மென்பொருட்களை ஒருங்கே வைத்து ஆளும் முறை எவ்வாறு உருவாயிற்று என்பதை, டெபியன் எனப்படும் கட்டற்ற பணிசெயல் முறைமையின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரச்சினையின் இயல்பு

செயலி ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் அறிவுறுத்தற் தொகுதி உண்டு. மனிதர் எழுதும் மூலநிரல் தொகுப்பி என்னும் கருவியினால் அவ்வறிவுறுத்தல்களாக மாற்றப்பட்ட பின்னரே இயங்கத்தக்க செய்நிரலாகின்றது. ஒரு கட்டமைப்புக்கென மாற்றப்பட்ட செய்நிரல் மற்றொன்றுக்கு விளங்காது. எனினும் சில செயலிகள் இரு தொகுதிகளை விளங்கிக்கொள்ளும் ஆற்றலுடன் அமைக்கப்படுகின்றன. இவ்வாறு செயலி இரண்டையும் ஏற்றுக்கொள்வதனால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை.

இதற்குக் காரணம், இன்றைய செய்நிரல் எதுவும் தனித்து நிற்பதில்லை என்பதாகும். எழுத்துக்களைத் திரையில் வரைவதற்கும் படங்களை விரித்துக் காட்டுவதற்கும் வலையமைப்புடன் தொடர்புகொள்வதற்கும் அது பொதுவான நிரல் நூலகங்களை நாடுகின்றது. 32 பிற் செய்நிரலுக்கு 32 பிற் நூலகமே வேண்டும். 64 பிற் செய்நிரலுக்கு 64 பிற் நூலகமே வேண்டும். இரண்டும் ஒரே பெயரை உடையன. இரண்டும் ஒரே கோப்பகத்தில் ஒரே இடத்தை நாடுகின்றன. ஓர் உறையில் இரு வாள் இருக்கமுடியாது என்பார்கள். கோப்பகத்தின் நிலையும் அதுவே. செயலி இரு மொழி அறிந்ததாயினும் வீட்டில் ஒருவருக்கே இடமிருந்தது. ஆகவே பிரச்சினையின் வேர் கணிப்பில் அன்று, பெயரிடுதலிலும் இடமொதுக்குதலிலும் இருந்தது என்பது தெளிவாகும்.

முன்னோடி முயற்சிகள்

1964ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணனிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியதும் பெரியதுமான பல இயந்திரங்கள் ஒரே அறிவுறுத்தற் தொகுதியைக் கொண்டிருக்கவேண்டும் என்னும் கொள்கை அதிலேயே பெருவணிக அளவில் நிலைநாட்டப்பட்டது. ஆயினும் அந்நிறுவனத்தின் பழைய 1401 இயந்திரத்துக்கெனச் செய்நிரல்களை எழுதி வைத்திருந்த வாடிக்கையாளர் பலர். அவர்களைக் கைவிட இயலாமையால், புதிய குடும்பத்தின் சில இயந்திரங்கள் நுண்ணிரலின் துணைகொண்டு 1401 போலவே நடந்துகொள்ளும் வசதியுடன் விற்கப்பட்டன. 1977இல் வெளிவந்த வக்ஸ்-11/780 கணனியும் தன் முன்னோடியான பிடிபி-11 இன் செய்நிரல்களை இயக்கும் ஒத்திசைவு நிலையைக் கொண்டிருந்தது.

இவ்விரு முயற்சிகளிலும் இயந்திரத்தை ஆக்கியவரும் பணிசெயல் முறைமையை வகுத்தவரும் ஒருவரே. எதை எங்கே வைப்பது என்பது ஒரு நிறுவனத்தின் சுவர்களுக்குள்ளேயே முடிவாயிற்று. யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளிலும் இதே நிலை தொடர்ந்தது. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் ஐரிக்ஸ் முறைமை தனது மூவகைச் செய்நிரல்களுக்கென 'லிப்', 'லிப்32', 'லிப்64' என மூன்று நூலகக் கோப்பகங்களை வைத்திருந்தது. சன் நிறுவனத்தின் சொலாரிஸ் 7, 1998இல் 64 பிற் ஆதரவுடன் வந்தபோது, புதிய நூலகங்களைப் பழைய கோப்பகத்தின் உட்கிளை ஒன்றில் வைத்தது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் அமைப்புகளில் இத்தகைய ஒழுங்குகள் எளிதாயின. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வெவ்வேறு நாடுகளிலிருந்து கூடி ஆக்கும் முறைமையில் இவ்வொழுங்கு எவ்வாறு உருவாகும் என்பதே பின்னர் எழுந்த வினா.

டெபியனும் பொதிகளும்

1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இயன் மேர்டொக் என்பவரால் டெபியன் திட்டம் தொடங்கப்பட்டது. மென்பொருள் ஒவ்வொன்றையும் பொதியாகக் கட்டி, அது எவ்வெப் பொதிகளில் தங்கியுள்ளது என்னும் விபரத்தையும் அப்பொதியிலேயே எழுதிவைப்பது அதன் அடிப்படை. 'டிபிகேஜி' என்னும் பொதி முகாமைக் கருவி அவ்விபரத்தைப் படித்து, தேவையானவை உள்ளனவா என ஆராய்ந்த பின்னரே பொதியை நிறுவும். இருவேறு பொதிகள் ஒரே கோப்பைத் தம்முடையதென உரிமைகொண்டாடுமாயின் அது மறுத்துவிடும்.

டெபியன் இன்ரெல் செயலிகளுடன் நின்றுவிடவில்லை. 1998இல் வெளியான 2.0 பதிப்பில் மோட்டரோலா 68000 வரிசைச் செயலிகள் இடம்பெற்றன. 2002இல் வெளியான 3.0 பதிப்பு பதினொரு கட்டமைப்புகளைத் தாங்கி நின்றது. கட்டமைப்புகளின் எண்ணிக்கையில் இது பெருமைக்குரிய சாதனை. எனினும் அப்பெருமைக்குள்ளே ஒரு குறை மறைந்திருந்தது. பதினொரு கட்டமைப்புகளுக்கும் டெபியன் உண்டு. ஆனால் ஒவ்வொரு கணனியிலும் ஒரு கட்டமைப்பே உண்டு என்பது பொதி முகாமையின் பேசப்படாத நம்பிக்கையாக இருந்தது. ஒரு பொதியின் பெயரைக் கூறினால் அது எக்கட்டமைப்புக்குரியது என்று கேட்கவேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

2003ஆம் ஆண்டின் மாற்றம்

அந்நம்பிக்கையை உடைத்தது 2003ஆம் ஆண்டு. 64 பிற் உலகுக்குச் செல்வதற்கு இன்ரெல் முதலில் தெரிந்தெடுத்த வழி ஐற்றேனியம் ஆகும். 2001இல் சந்தைக்கு வந்த அச்செயலி முற்றிலும் புதிய அறிவுறுத்தற் தொகுதியைக் கொண்டது; பழைய செய்நிரல்களை அது மிக மெதுவாகவே இயக்கிற்று. ஏ.எம்.டி. நிறுவனம் வேறு வழியை நாடிற்று. 2003 ஏப்பிரலில் அது வெளியிட்ட ஒப்ரரோன் செயலி, பழைய 32 பிற் தொகுதியை அப்படியே பேணிக்கொண்டு அதன்மேல் 64 பிற் தொகுதியை வளர்த்தெடுத்தது. பழையதும் புதியதும் ஒரே செயலியில் முழு வேகத்துடன் இயங்கின. பிற்காலத்தில் இன்ரெல் நிறுவனமும் அவ்வழியையே பின்பற்றவேண்டியதாயிற்று.

செயலி தந்த இவ்வசதியைப் பணிசெயல் முறைமைகள் எவ்வாறு பயன்படுத்துவது? ரெட் ஹற், சூசே முதலிய லினக்ஸ் வெளியீடுகள் 'லிப்' கோப்பகத்தை 32 பிற் நூலகங்களுக்கு விட்டுவைத்து, 64 பிற் நூலகங்களுக்கு 'லிப்64' எனப் புதிய கோப்பகத்தை வகுத்தன. 2004 சனவரியில் வெளியான கோப்பு முறைமை அமைப்புத் தரத்தின் 2.3ஆம் பதிப்பும் இப்புதிய செயலிக்கு அவ்வொழுங்கையே விதித்தது. எளிய தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது இரண்டுக்கு மேற்பட்ட நிலைமையை எண்ணிப் பார்க்கவில்லை. நாளை வேறொரு கட்டமைப்பின் நூலகங்களை வைக்கவேண்டுமெனின் அவற்றுக்கு என்ன பெயர்? 'லிப்64' என்பது எச்செயலியின் 64? இவற்றுக்கு அதில் விடையில்லை.

டெபியனின் தொண்டர்கள் இவ்வொழுங்கை ஏற்கத் தயங்கினர். ஏ.எம்.டி. செயலிக்கான அவர்களது வெளியீடு தூய 64 பிற் முறைமையாகவே அமைந்தது. 64 பிற் நூலகங்கள் 'லிப்' கோப்பகத்திலேயே வைக்கப்பட்டன. பிறர் எதிர்பார்க்கும் 'லிப்64' என்பது 'லிப்' கோப்பகத்தைச் சுட்டும் வெறும் இணைப்பாக விடப்பட்டது. இவ்வெளியீடு 2005இல் வந்த 3.1 பதிப்பின்போது அதிகாரபூர்வமற்றதாக இருந்து, 2007 ஏப்பிரலில் வெளியான 4.0 பதிப்பிலேயே அதிகாரபூர்வ நிலையை எய்திற்று.

இடைக்கால ஏற்பாடும் அதன் கேடும்

தூய்மை பேணப்பட்டதாயினும் பயனாளரின் தேவை அதனால் நிறைவேறவில்லை. மூலநிரல் வெளியிடப்படாத வணிகச் செய்நிரல்கள் பல 32 பிற் வடிவிலேயே கிடைத்தன. விண்டோஸ் செய்நிரல்களை லினக்ஸில் இயக்க உதவும் வைன் என்பதற்கும் 32 பிற் நூலகங்கள் இன்றியமையாதனவாயின. சிலர் முறைமைக்குள்ளே வேலியிட்ட தனிக் கோப்பகம் ஒன்றில் முழுமையான இன்னொரு 32 பிற் டெபியனை நிறுவிக்கொண்டனர். ஏனையோருக்கென 'ஐஏ32-லிப்ஸ்' என்னும் பொதி உருவாக்கப்பட்டது.

இப்பொதியின் அமைப்பு விசித்திரமானது. ஏனைய பொதிகளைப் போல அது தன் மூலநிரலிலிருந்து கட்டப்பட்டதன்று. ஏற்கனவே 32 பிற் கட்டமைப்புக்கெனக் கட்டப்பட்டிருந்த பற்பல நூலகப் பொதிகளை அவிழ்த்து, அவற்றின் உள்ளடக்கத்தை ஒன்றாகத் திரட்டி, 64 பிற் பொதியென்னும் உறையில் இட்டு வழங்குவதே அதன் முறை. விரும்பியவர் எவராயினும் ஒரு நூலகத்துக்காக முழு மூடையையும் சுமக்கவேண்டியிருந்தது. அதனினும் பெரிய கேடு பாதுகாப்புப் பற்றியது. நூலகமொன்றில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால் அந்நூலகத்தின் பொதி உடனே திருத்தப்படும். மூடைக்குள் இருந்த பிரதியோ எவரேனும் மூடையை மீண்டும் கட்டும்வரை பழைய குறையுடனேயே கிடக்கும். தன் கணனி திருத்தப்பட்டுவிட்டது என்று பயனாளர் நம்பியிருக்கையில், அதே கணனியின் மற்றொரு மூலையில் அதே குறை திறந்த வாயிலாக நின்றது. ஒரு பொருளின் பிரதியை அதன் பெயரிலிருந்து பிரித்து வைத்தால் நேரும் தீங்குக்கு இஃது ஒரு தக்க எடுத்துக்காட்டாகும்.

பல்கட்டமைப்பு என்னும் கருத்து

2004, 2005 ஆண்டுகளில் இதற்கு மாற்றாக ஒரு கருத்து விரிவாக முன்வைக்கப்பட்டது. டொலெஃப் ஃபொக் ஹீன் முதலியோர் அதனை வளர்த்தெடுத்தனர்; பின்னர் ஸ்ரீவ் லாங்கசெக் உள்ளிட்ட பலர் அதனை நடைமுறைக்குக் கொண்டுவர உழைத்தனர். 'மல்ரி-ஆர்ச்' எனப் பெயர்பெற்ற இக்கருத்தைப் பல்கட்டமைப்பு எனத் தமிழில் வழங்கலாம்.

அதன் முதற்கூறு இடம் பற்றியது. 'லிப்', 'லிப்64' என உறவுமுறையில் பெயரிடுவதை விடுத்து, ஒவ்வொரு கட்டமைப்புக்கும் அதன் முழுப்பெயரிலேயே ஓர் உட்கோப்பகம் ஒதுக்கப்பட்டது. 64 பிற் இன்ரெல் வகை நூலகங்கள் தம் பெயருடைய கோப்பகத்திலும், 32 பிற் நூலகங்கள் தம்முடையதிலும், ஆர்ம் செயலிக்குரியன தம்முடையதிலும் இருக்கும். இவ்வொழுங்கில் வீட்டுக்காரர் என்றும் விருந்தினர் என்றும் வேறுபாடில்லை. எந்தக் கணனிக்குச் சென்றாலும் ஒரு நூலகம் அதே முகவரியிலேயே காணப்படும்.

இரண்டாவது கூறு உறவு பற்றியது. ஒரு பொதி பிற கட்டமைப்புகளுடன் எவ்வாறு பழகும் என்பதைப் பொதியே அறிவிக்கவேண்டும். அதற்கென மூன்று சொற்கள் வகுக்கப்பட்டன. 'சேம்' எனக் குறிக்கப்பட்ட பொதியைப் பல கட்டமைப்புகளுக்கும் அருகருகே நிறுவலாம். ஆனால் தன் கட்டமைப்பைச் சேர்ந்த பொதிகளின் தேவையையே அது நிறைவேற்றும். நிரல் நூலகங்கள் இவ்வகையின. 'ஃபொறின்' எனக் குறிக்கப்பட்டதை ஒரு கட்டமைப்புக்கு மட்டுமே நிறுவலாம். ஆனால் எக்கட்டமைப்பைச் சேர்ந்த பொதியின் தேவையையும் அது நிறைவேற்றும். கட்டளை கொடுத்தால் விடை தரும் கருவிகள் இவ்வகையின; விடை சரியாக வரும்வரை, கருவி எக்கட்டமைப்பினது என்று எவரும் கேட்பதில்லை. 'அலவுட்' என்பது இடைப்பட்டது. பேர்ள், பைதன் முதலிய மொழிகளின் இயக்கிகள் சில வேளைகளில் கருவியாகவும் சில வேளைகளில் நூலகமாகவும் பயன்படுவன. ஆதலின் எவ்வகையில் தேவை என்பதை நாடிவரும் பொதியே கூறுமாறு விடப்பட்டது.

இவ்வாறு பிரச்சினை முழுவதும் இரண்டு வினாக்களாகச் சுருங்கிற்று. நீ எங்கே இருக்கிறாய்? பிறருக்கு நீ எவ்வாறு பயன்படுவாய்? இவ்விரண்டுக்கும் ஒவ்வொரு பொதியும் வெளிப்படையாக விடை கூறுமாயின், ஏனையவற்றைப் பொதி முகாமைக் கருவி கணித்துக்கொள்ளும்.

தாமதத்தின் காரணங்கள்

கருத்து தெளிவானதே, ஆயினும் அது நடைமுறைக்கு வர ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் சென்றன. அத்தாமதத்தின் காரணங்களே இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதி எனலாம்.

முதலாவது தடை பெயர். கட்டமைப்புகளைச் சுட்டக் குனூ தொகுப்பிகள் வழங்கிவந்த பெயர்களைப் பயன்படுத்தலாம் என முதலில் எண்ணப்பட்டது. ஆனால் 32 பிற் இன்ரெல் கட்டமைப்பை ஒரு வெளியீடு ஐ486 என்றும் மற்றொன்று ஐ686 என்றும் வழங்கிற்று. ஆர்ம் செயலியில் இதற்கு நேர்மாறான நிலை. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இருவகை நூலகங்களுக்கு ஒரே பெயர் வழங்கிற்று. ஆகவே மாறாத பெயர்ப் பட்டியல் ஒன்று தனியே ஆக்கப்பட்டது. புதிய ஆர்ம் வகைக்குச் செய்நிரல்களை ஏற்றிவைக்கும் ஏற்றியின் முகவரி பற்றி 2012இல் பல வெளியீடுகள் கூடி ஆராய்ந்தபோது, பல்கட்டமைப்பு முறையிலான முகவரியை ஏனையோர் ஏற்கவில்லை. யாவருக்கும் உடன்பாடான வேறொரு முகவரியே முடிவாயிற்று.

இரண்டாவது தடை பொதுக் கோப்புகள். நூலகத்தின் இரு பிரதிகள் வெவ்வேறு கோப்பகங்களில் இருந்தாலும், அவற்றுடன் வரும் விளக்கக் குறிப்புகள் ஒரே இடத்துக்கே வரும். இரு கட்டமைப்புகளின் பொதிகளும் தரும் கோப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாயின் அதனைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என விதி செய்யப்பட்டது. ஆனால் ஒரே குறிப்பைச் சுருக்குங் கருவி வெவ்வேறு கணனிகளில் வெவ்வேறு விதமாகச் சுருக்கக்கூடும் என்பது 2012இல் வெளிப்பட்டது. உள்ளடக்கம் ஒன்றே, சுருக்கிய வடிவம் வேறு. மேலும் ஒரு கட்டமைப்பில் மட்டும் பொதியை மீளக் கட்டினால் அதன் மாற்றக் குறிப்பும் வேறாகிவிடும். மிக அற்பமானவையாகத் தோன்றும் இவை ஆயிரக்கணக்கான பொதிகளைப் பாதிக்கவல்லனவாக இருந்தன.

மூன்றாவது தடை உடன்பாடு. பொதி முகாமைக் கருவியின் அடித்தளத்தையே மாற்றும் வேலையை எப்போது வெளியிடுவது என்பதில் அதனைப் பராமரித்தோரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. குறையற்ற நிரலே வெளிவரவேண்டும் என்பது ஒரு கட்சி. பயன்படுத்தாமல் குறைகளை அறியமுடியாது என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயமிருந்தது. விடயம் 2012இல் டெபியனின் தொழினுட்பக் குழுவரை சென்றது. அதற்கிடையில், டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு தன் 2011 ஒக்டோபர் வெளியீட்டிலேயே இவ்வசதியைப் பயனாளருக்கு வழங்கிவிட்டது. டெபியனின் கருவியில் அது 2012 மார்ச்சில் சேர்ந்தது. 2013 மே 4ஆம் திகதி வெளியான டெபியன் 7 பல்கட்டமைப்பைத் தாங்கிய முதற் பதிப்பாயிற்று. 'ஐஏ32-லிப்ஸ்' அப்பதிப்பில், உண்மையான 32 பிற் பொதிகளுக்கு வழிகாட்டும் வெற்று உறையாக மாறிற்று. 2015இன் 8ஆம் பதிப்பில் அதுவும் இல்லை.

மாற்று வழியும் எல்லைகளும்

ஒரே கோப்பில் பல கட்டமைப்புகளின் அறிவுறுத்தல்களையும் அடைத்துவிடுவது மற்றொரு வழி. நெக்ஸ்ற்ஸ்ரெப் முறைமையில் தொடங்கி, 2006இலும் 2020இலும் அப்பிள் நிறுவனம் செயலி மாறிய காலங்களில் கைக்கொண்ட வழி அது. லினக்ஸிலும் 2009இல் 'ஃபற்எல்ஃப்' என்னும் பெயரில் அதற்கு ஒரு முயற்சி நடந்தது. வரவேற்புக் கிட்டாமையால் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. பயனாளருக்கு அது இலகுவானது. ஆனால் தமக்குத் தேவையற்ற கட்டமைப்புகளையும் எல்லோரும் சுமக்கவேண்டும். ஆண்டவர் ஒருவர் இருக்கும் முறைமைக்கு அது பொருந்தும். பல கட்டமைப்புகளைக் கொண்ட டெபியனுக்குப் பொருந்துவது அரிது.

பல்கட்டமைப்பின் பயன் எதிர்பார்த்ததிலும் விரிந்தது. ஒரு கணனியில் இருந்துகொண்டு வேறொரு கட்டமைப்புக்குச் செய்நிரல் கட்டுவோர், அக்கட்டமைப்பின் நூலகங்களை முன்னர் தனி முயற்சியால் திரட்டவேண்டியிருந்தது. இப்போது அவற்றை வழக்கமான பொதிகளாகவே நிறுவினர். கியூஇஎம்யூ என்னும் போலச்செய்வியின் துணையுடன், செயலி அறியாத கட்டமைப்பின் செய்நிரலையும் அதற்குரிய நூலகங்களுடன் இயக்க முடிந்தது.

எல்லைகளும் உண்டு. நூலகங்கள் அருகருகே வாழ்ந்தாலும், இயக்கத்தக்க கட்டளைகளுக்கு ஒரே இடமே உள்ளது. ஒரு நூலகத்தின் இரு பிரதிகளும் ஒரே பதிப்பெண்ணைக் கொண்டிருக்கவேண்டும் என்பதனால், ஒரு கட்டமைப்பில் பொதி கட்டுவது தாமதித்தால் மற்றதிலும் நிறுவல் தடைப்படும். எல்லாவற்றிலும் மேலாக, முறை எத்துணை சிறந்ததாயினும் பொதிகளைத் தொடர்ந்து கட்டுவோர் வேண்டும். 2019 யூனில், அவ்வாண்டின் அடுத்த வெளியீட்டுடன் 32 பிற் இன்ரெல் பொதிகளை நிறுத்தப்போவதாக உபுண்டு அறிவித்தது. விளையாட்டுச் செய்நிரல்களை வழங்குவோரும் வைன் ஆக்கத்தினரும் எதிர்ப்புத் தெரிவித்ததால், தெரிந்தெடுத்த பொதிகளை மட்டும் தொடர இணங்கிற்று.

2025 ஓகஸ்ட்டில் வெளியான டெபியன் 13 இவ்வரலாற்றில் ஒரு திருப்பத்தைக் குறிக்கின்றது. டெபியன் பிறந்த கட்டமைப்பாகிய 32 பிற் இன்ரெலுக்கு அப்பதிப்பில் கருவும் இல்லை, நிறுவியும் இல்லை. 64 பிற் செயலியில் பழைய செய்நிரல்களை இயக்குவதற்காக மட்டுமே அதன் பொதிகள் தொடர்கின்றன. ஏனைய 32 பிற் கட்டமைப்புகள், காலக் கணக்கு நிரம்பி வழியும் 2038ஆம் ஆண்டை முன்னிட்டு நேரத்தை 64 பிற் அளவில் எண்ணத் தொடங்கின. பழைய செய்நிரல்களின் பொருட்டு இக்கட்டமைப்பு மாத்திரம் பழைய கணக்குடனேயே விடப்பட்டது.

முடிவு

2003இல் வீட்டுக்காரராக இருந்த கட்டமைப்பு 2025இல் விருந்தினராயிற்று. அம்மாற்றத்தின்போது நூலகங்களின் முகவரி எதனையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. ஆரம்பத்திலேயே வீட்டுக்காரர், விருந்தினர் என்ற வேறுபாட்டைப் பெயர்களிலிருந்து நீக்கிவிட்டமையே அதற்குக் காரணம். 'லிப்', 'லிப்64' என்னும் ஒழுங்கு அன்றைய தேவையை விரைவாக நிறைவேற்றிற்று. அதனைக் குறைகூறல் பொருந்தாது. ஆயினும் இன்று எது பெரும்பான்மை என்பதைக் கொண்டு பெயரிடாது, ஒவ்வொன்றும் எது என்பதைக் கொண்டு பெயரிட்ட ஒழுங்கு காலமாற்றத்தைத் தாங்கிற்று. எட்டாண்டு விவாதம் வீணன்று. மையத்தில் ஆணையிடுவோர் இல்லாத ஓர் அமைப்பில், பொதுப்பெயர் ஒன்றை எல்லோரும் ஏற்கும்வரை காத்திருத்தலும் ஆக்கப்பணியின் ஒரு பகுதியே. பழைய செய்நிரல்கள் இன்றும் புதிய கணனிகளில் தம் முகவரியில் வாழ்வது அப்பொறுமையின் பயன் எனலாம்.